அமைதியில் என்ன எண் இருக்கிறது? தொலைபேசி ஒலி ஃபைல்களை வீட்டுக் கணினிக்கு மாற்றிய அனுபவம்

ஒரு வழியாக நேற்றிரவு கடைசி ஃபைலும் தெளிவாகக் கேட்டுவிட்டது. மாற்ற வேண்டியவை மூன்று கட்டு. 90களின் தொடக்கத்தில் சன் ஸ்பார்க்ஸ்டேஷன் என்ற கணினியில் பதிவான .ஏயூ ஃபைல்கள் ஒன்று. ஓர் அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான பிபிஎக்ஸ் பெட்டி சேமித்து வைத்த, ஹெடரே (ஃபைலின் தொடக்கத்தில் ஒலியின் வகையைச் சொல்லும் பகுதி) இல்லாத அழைப்புப் பதிவுகள் இன்னொன்று. மூன்றாவது, பழைய ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி லைன்) கார்டில் பதிவானவை. எல்லாமே தொலைபேசி ஒலிக்கான ஜி.711 முறை, மோனோ, நொடிக்கு 8000 பைட். அதில் ஒவ்வொரு ஒலி மாதிரியும் ஒரு பைட்டாகச் சுருக்கப்படும், சுருக்கும் விதிகள் இரண்டு: மியூ-லா, ஏ-லா. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு மாலைகளைத் தின்றுவிட்டது. அடுத்து செய்பவருக்காவது அந்த நேரம் மிஞ்சட்டும்.

சன் ஃபைல்களில் சிக்கல் இல்லை, சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரலிடம் கொடுத்ததும் வேவ் ஃபைல் ஆகிவிட்டன. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஹெடர் 24 பைட் என்று நம்பி அதைக் கையால் வெட்டாதீர்கள். முதல் நான்கு பைட் 46, 115, 110, 100. அதற்கடுத்த நான்கு பைட்டில் ஒலி எங்கே தொடங்குகிறது என்ற எண் இருக்கும், பெரிய பைட் முதலில். 24 என்பது குறைந்தபட்சம்தான். குறிப்பு எழுதி வைத்த ஃபைல்களில் அது 32, 40 என்று போகும். அதைப் பார்க்காமல் வெட்டினால் குறிப்பின் எழுத்துகளும் ஒலியாகி, தொடக்கத்தில் ‘டிக்’ என்று கேட்கும். ஹெடரை நான்கு நான்கு பைட்டாக எண்ணினால் நான்காவது எண் 1 என்றால் மியூ-லா, 27 என்றால் ஏ-லா. நெக்ஸ்ட் கணினியிலிருந்து வந்த ஃபைல் என்றால் வேகம் 8000 அல்ல, 8012.8.

தலைவலி பிபிஎக்ஸ் பதிவுகளில் தொடங்கியது. கொடுத்தவர் “எல்லாம் மியூ-லா சார்” என்று உறுதியாகச் சொன்னார். முதலில் அடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு நிரலில் வெறும் 8 பிட் ஒலியாகத் திறந்தபோது பேச்சுக்குப் பின்னால் அருவி கொட்டுவது போல இரைச்சல். அது எதிர்பார்த்ததுதான். மியூ-லாவில் மிகச் சிறிய நேர்மறை ஒலி 255, மிகச் சிறிய எதிர்மறை ஒலி 127. நேரடி 8 பிட்டாகப் படித்தால், யாரும் பேசாத இடம் உச்சத்துக்கும் நடுவுக்கும் இடையே குதிக்கும். சரி, மியூ-லா என்று சொல்லித் திறந்தாயிற்று. இப்போது பேச்சு புரிகிறது, ஆனால் கரகரக்கிறது, இடைவெளிகளில் ஒரு ரீங்காரம். மைக் பழுது, லைன் பழுது என்று நினைத்து இரைச்சல் நீக்கியைப் போட்டுப் பார்த்ததில் ஒரு மாலை முழுக்க வீண்.

லைனில் பழுதே இல்லை. அவை ஏ-லா. அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா. இந்தியா, ஐரோப்பா உட்பட மற்ற பெரும்பாலான நாடுகள் ஏ-லா. இங்குள்ள லைனில் பதிவான அழைப்பு என்றாலே முதலில் ஏ-லாவைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தாலும் சொற்கள் விளங்கும், அதனால்தான் தவறு சட்டென்று பிடிபடுவதில்லை. ஏ-லாவின் அமைதி 213, 85 ஆகிய இரண்டு எண்கள். அவற்றை மியூ-லாவாக விரித்தால் +716, −716. எதிர்த் திசையில் தவறினால் +848, −848. 16 பிட்டின் உச்சமான 32767-இல் அது சுமார் இரண்டரை சதவீதம். ஹெட்ஃபோனில் நன்றாகவே கேட்கும்.

ஆகவே யார் என்ன சொன்னாலும் பைட்டை எண்ணுங்கள். யாரும் பேசாத இரண்டு நொடியை, அதாவது 16000 பைட்டை, வெட்டி எடுத்து எந்த எண் அதிகம் வருகிறது என்று பாருங்கள். பைத்தானில் நான்கு வரி போதும். 255, 254, 127, 126 குவிந்தால் மியூ-லா. 213, 212, 85, 84 குவிந்தால் ஏ-லா. காதை நம்பியதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஐஎஸ்டிஎன் கட்டில் இந்தச் சோதனையும் முதலில் குழப்பியது. அமைதியில் வந்தவை 170, 171. எந்தப் பட்டியலிலும் இல்லாத எண்கள். இரும எண்ணாக எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. 213 என்பது 11010101, அதைக் கடைசியிலிருந்து படித்தால் 10101011, அதாவது 171. 85-ஐத் திருப்பினால் 170. தொலைபேசி லைன் ஒவ்வொரு பைட்டிலும் மேல் பிட்டை முதலில் அனுப்புகிறது, கார்டின் சிப்போ முதலில் வந்ததைக் கீழ் பிட்டாக வைத்துக்கொள்கிறது. சாக்ஸில் பிட் வரிசையைத் திருப்பும் வசதி உண்டு, இதற்கென்றே எல்ஏ, எல்யூ என்ற ஃபைல் வகைகளும் உண்டு. எல்ஏ என்று சொன்னதும் முதல் முயற்சியிலேயே குரல் கண்ணாடி போல வந்தது. அந்த நொடியின் நிம்மதியைச் சொல்லி முடியாது.

வரிசை திரும்பியது மியூ-லா என்றால் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். 255-ஐத் திருப்பினாலும் 255, 126-ஐத் திருப்பினாலும் 126, 127-உம் 254-உம் ஒன்றுக்கொன்று இடம் மாறும். அமைதியின் நான்கு எண்களும் அப்படியே இருப்பதால், எல்லாம் சரி என்றே தோன்றும். அப்போது அடுத்த படியைப் பாருங்கள். 253, 125 நிறைய வந்தால் வரிசை சரி. அவற்றின் இடத்தில் 191, 190 வந்தால் திரும்பியிருக்கிறது.

சாக்ஸ் இல்லாமல் சொந்தமாக எழுதுபவர்களுக்கு மியூ-லா விரிப்பு இவ்வளவுதான்: எல்லா பிட்டையும் 0-1 மாற்றுங்கள், கீழ் நான்கு பிட்டை 8-ஆல் பெருக்கி 132 கூட்டுங்கள், அடுத்த மூன்று பிட் காட்டும் எண்ணின் அளவுக்கு அத்தனை முறை இரட்டிப்பாக்குங்கள், 132-ஐக் கழியுங்கள், மேல் பிட் 1 என்றால் எதிர்மறை. எழுதி முடித்ததும் மூன்று பைட்டைச் சோதியுங்கள்: 0 என்றால் −32124, 128 என்றால் +32124, 255 என்றால் 0. எங்கிருந்தோ எடுத்த ஒரு நிரலில் கடைசிக் கழித்தல் விடுபட்டிருந்தது. பூச்சியத்தைக் கடக்கும்போதெல்லாம் 264 அளவுக்கு ஒரு தாவல். உரத்த பேச்சில் தெரியாது, மெல்லிய பேச்சு முழுக்க முட்கள்.

சரிபார்ப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. மியூ-லாவை 16 பிட்டாக விரித்து, மறுபடி சுருக்கி, மூலத்தோடு ஒப்பிட்டபோது செக்சம் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. அரை மணி நேரம் பிழை தேடினேன். பிழையே இல்லை. மியூ-லாவில் இரண்டு பூச்சியங்கள் உண்டு. 127-உம் 255-உம் 0 ஆகவே விரியும், திரும்பச் சுருக்கினால் இரண்டுமே 255. ஏ-லாவில் பூச்சியமே கிடையாது, மிகச் சிறிய மதிப்பு 8, எனவே அது பைட்டுக்குப் பைட் அப்படியே திரும்பி வரும். இதனால் மூல ஃபைலை அழிக்காதீர்கள். பைட்டைத் தொடாமல் வேவ் உறை மட்டும் போட்டும் வைக்கலாம்: ஏ-லாவுக்கு வகை எண் 6, மியூ-லாவுக்கு 7. சில பிளேயர்கள் அதை ஏற்காது, ஆகவே கேட்பதற்கு 16 பிட் பிரதி தனியாக.

நான்கு ஃபைல்கள் மட்டும் இருக்க வேண்டிய அளவைவிடச் சில நூறு பைட் பெரியவை. யாரோ எஃப்டிபி ஃபைல் பரிமாற்றத்தில் ஆஸ்கி முறையில் (எழுத்து ஃபைல்களுக்கான, வரி முடிவுகளை மாற்றும் முறை) இறக்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் ஒரு 13 நுழைந்துவிட்டது. மியூ-லாவில் 10 என்றால் −21884, 13 என்றால் −18812. பக்கத்துப் பக்கத்து மதிப்புகள், அதுவும் உரத்த இடங்களில், எனவே காதுக்குப் பிடிபடாது. 10-க்கு நேர் முன்னால் உள்ள ஒரே ஒரு 13-ஐ மட்டும் நீக்கினால் சரியாகிவிடும்.

கேட்கும் பிரதியை நொடிக்கு 48000 மாதிரிக்கு உயர்த்தினேன், 8000-இன் சரியாக ஆறு மடங்கு. முறையான ரீசாம்பிள் (இடைப்பட்ட மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்புவது) வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் ஆறு முறை திரும்ப எழுதினால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் போலி ஒலிகள் கிளம்பி, தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கும்.

பழைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி கார்டு, அமிகா கணினி வைத்திருப்பவர்களுக்கு 8 பிட்டாகக் குறைக்கும் கட்டம்தான் உண்மையான இழப்பு. மேல் 8 பிட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் மியூ-லாவின் 128 நேர்மறைப் படிகளில் 24 படிகள் பூச்சியத்துக்குள் விழுந்துவிடும். மெல்லிய பேச்சு வாழ்வது அங்கேதான். தவிர +8 என்பது 0 ஆகும், −8 என்பது −1 ஆகும், அமைதி படபடக்கத் தொடங்கும். குறைப்பதற்கு முன் 128 கூட்டுங்கள். அதற்கும் முன்னால் ஒலியளவை ஏற்றுங்கள்: உச்சம் 6000-இல் நிற்கும் பதிவுக்கு 8 பிட்டில் பூச்சியத்தின் இருபுறமும் 23 படிதான் கிடைக்கும், ஐந்து மடங்காக்கினால் 117. சாக்ஸ் இந்தக் கட்டத்தில் தானே டிதர் (மிக மெல்லிய இரைச்சல்) சேர்க்கும், அதை அணைக்காதீர்கள். சவுண்ட் பிளாஸ்டருக்கு நடுக்கோடு 128, வேக எண் 131. அமிகாவுக்கு நடுக்கோடு 0, பால் (PAL) டிவி முறை இயந்திரத்தில் பீரியட் என்ற வேக எண் 443, என்டிஎஸ்சி முறையில் 447. இந்த நடுக்கோட்டை மாற்றி வைத்துவிட்டால் மறுபடி அதே அருவி இரைச்சல் கேட்கும். அப்போது டீகோடரைச் சந்தேகிக்காமல், எல்லா மாதிரிக்கும் 128 கூட்டிப் பாருங்கள்.