கேட்காமலே வந்த மூச்சு

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அதே பழைய கவலை. இருட்டில் படுத்தபடி மூச்சைக் கவனித்தேன். நான் கேட்காமலே வந்தது, போனது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் துடிக்க வைக்கவில்லை. இத்தனை வருடம் என்னைத் தாங்கிய வாழ்க்கை நாளைக்கு மட்டும் கைவிட்டுவிடுமா என்று தோன்றியதும் நெஞ்சு லேசானது.

1926இல் வியன்னாவில் பிறந்த துறவி டேவிட் ஸ்டைண்டில்-ராஸ்ட் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது: மகிழ்ச்சி வந்த பிறகு நன்றி வருவதில்லை, நன்றியிலிருந்துதான் மகிழ்ச்சியே வருகிறது. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லச் சொல்லவில்லை அவர். சரிதானே, இழப்புக்கும் துரோகத்துக்கும் யாரால் நன்றி சொல்ல முடியும்? ஆனால் அந்த நாட்களில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லலாம்.

எனக்கு அப்படி உட்கார்ந்தவர் என் அக்கா. ஒரு வார்த்தைகூட ஆறுதல் சொல்லவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. நேற்று இரவே நாலு வரி எழுதி அனுப்பினேன்.

விடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அக்காவும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார்.