வால்பாறைக்கு மார்ச்சில் போங்கள், பையில் ஒரு லென்ஸோடு

மழைக்காட்டை மழைக்காலத்தில்தான் பார்க்கணும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்தான் சரியான சமயம். அட்டைக்கடி குறைவு, கூட்டம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், தாகத்தில் மரம் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து அரசு பஸ் போதும், டிக்கெட் நூறு ரூபாய்க்குள். கடைசி சீட் மட்டும் வேண்டாம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் உட்கார்ந்தால் குடலே புரண்டுவிடும். ஸ்டாண்டில் மறிக்கும் ஜீப்காரர்கள் கேட்கும் தொகை பகல் கொள்ளை. பார்க்க வேண்டியதெல்லாம் சாலையோரமே இருக்கிறது.

அடிவாரத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மேலே ஏறினால் அதே வெயிலில் காடு கரும்பச்சை. மழைக்காட்டு மரத்துக்குத் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று இதைப் பார்த்து நினைப்பதுதான் பெரிய தப்பு. கீழே இருக்கும் மரம் இலையைக் கொட்டிச் செலவை நிறுத்திவிட்டது. மேலே இருப்பதற்கு அந்த வழி இல்லை. நீராவி வெளியேறும் இலைத்துளைகளை மூடும், சாற்றுக்கட்டையில், அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் ஈரக்கட்டையில், சேர்த்த நீரை எடுத்துக்கொள்ளும், ஆழத்தில் வேர் இருந்தால் அதை நம்பும். அவ்வளவுதான்.

வித்தியாசத்தைக் கட்டையிலேயே பார்க்கலாம். காட்டில் ஒரு குச்சிகூட வெட்டாதீர்கள், அது குற்றம். பொள்ளாச்சி மர அறுவை மில்லில் தேக்கு, பலா துண்டு ஒவ்வொன்று கேளுங்கள். குறுக்கு வெட்டு முகத்தைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ரம்பம் அறுத்த முகத்தை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நார் கிழிந்து துளைகளை அடைத்திருக்கும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டும், அப்புறம் சிறிதாகும். நம் மலையின் மழைக்காட்டு மரமான பலாவில் துளைகள் எங்கும் பரவிக் கிடக்கும், வளையம் தெளிவாக இருக்காது. அந்தத் துளைதான் சைலக்குழாய், வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் குழாய்.

குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் நீரோட்டம் 16 மடங்கு. காட்டுக்கொடிகளில் அரை மில்லிமீட்டர் அகலக் குழாய்கூட உண்டு. ஆனால் இந்த நீரை இலை மேலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. 30 மீட்டர் உயரத்துக்குப் புவியீர்ப்பை வெல்லவே 3 வளிமண்டல அழுத்தம் வேண்டும். மண் காயக் காய இழுவிசை கூடும். ஒரு கட்டத்தில் பக்கத்துக் குழாயிலிருக்கும் காற்று, இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் வடிகட்டி போல இருக்கும் குழிச் சவ்வின் ஓட்டை வழியே புகுந்துவிடும். குமிழி விழுந்த குழாயில் நீர் ஏறாது. அகலத்தைவிட அந்தச் சவ்வின் மிகப் பெரிய ஓட்டைதான் உயிர் போகும் இடம்.

2012-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு 226 மர இனங்களை அலசியது. அவற்றில் 70 சதவீதம் குழாய் செயலிழக்கும் எல்லைக்கு ஒரு மெகாபாஸ்கல் (சுமார் 10 வளிமண்டல அழுத்தம்) தூரத்துக்குள்தான் வாழ்கின்றன. மழைக்காட்டு மரங்களும் அதில் அடக்கம். பிரேசிலின் காஷியுவானா காட்டில் 2002 முதல் பிளாஸ்டிக் தகடு போட்டு ஒரு ஹெக்டேரில் பாதி மழையைத் தடுத்துப் பார்த்தார்கள். அதிகம் செத்தவை பெரிய மரங்கள். காரணம் இலை தயாரிக்கும் மாவுச்சத்துக்குப் பஞ்சம் அல்ல, குழாய் பழுதுதான்.

வால்பாறை அருகே புதுத்தோட்டம் பக்கம் சாலையோரம் வெடிப்பலா என்ற காட்டு மரம் பூத்திருந்தால் நின்று பாருங்கள். பூவுக்காகச் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வரும். உணவு கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, பிரம்பு. பனை இனம் என்பதால் தண்டு பருக்காது, புதுக் குழாயும் கட்டாது. முதலில் கட்டியதை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். ஊர் திரும்பியதும் நாற்காலி பின்னுபவரிடம் வார்னிஷ் அடிக்காத பிரம்பில் ஒரு சாண் வாங்கி, இரு முனையையும் பிளேடால் சீவி, ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள். நுரை பொங்கும். பொங்காவிட்டால் முனை நசுங்கியிருக்கும், மறுபடி சீவுங்கள். தேக்கின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், இதை முயல வேண்டாம், அதன் குழாய்கள் பெரும்பாலும் அடைபட்டவை.