டிஎன்ஏ தானாக வெளியே வந்ததா, நாம் கொண்டுவந்ததா?

பெங்களூரில் ஹெப்பாளைத் தாண்டி இருக்கிற ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உடல் பருமனில் கொழுப்புத் திசு ஏன் அழற்சி கொள்கிறது என்பது எங்கள் குழுவின் கேள்வி.

செல்லுக்குள் டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும்தான். இவற்றுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் அது தட்டுப்பட்டால் சிகாஸ் என்ற நொதி அதைப் பற்றிக்கொண்டு சிஜிஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை உண்டாக்கும். அது ஸ்டிங் புரதத்தைத் தட்டி எழுப்ப, அழற்சியைத் தூண்டும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் கிளம்பும். சிகாஸைக் கண்டறிந்தது அமெரிக்காவின் டல்லாஸில் ஜேம்ஸ் சென் குழு. அதற்காக அவருக்கு 2024-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

எனக்கு இன்றும் வியப்பு தருவது, சிகாஸ் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் பார்ப்பதே இல்லை என்பது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த முதுகெலும்பைத்தான் பிடிக்கிறது. அதனால் வைரஸின் டிஎன்ஏவும் ஒன்றுதான், இடம் மாறிய நம் டிஎன்ஏவும் ஒன்றுதான். டிஎன்ஏவைச் சிதைக்கும் ட்ரெக்ஸ்1 நொதி பழுதானால் ஐகார்டி-கூட்டியேர் நோய் வந்து குழந்தைகளின் மூளை பாதிக்கப்படுகிறது. கிருமியே இல்லாமல்! கொழுப்புத் தீனி தின்ற எலிகளின் கொழுப்புத் திசுவிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கசிந்து இதே பாதையை எழுப்புகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்தக் கசிவை அளப்பதுதான் பெரும்பாடு. செல்லின் வெளிச்சவ்வை மட்டும், சவ்வில் ஓட்டை போடும் டிஜிடோனின் என்ற வேதிப்பொருளை ஊற்றித் துளைக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா உடையக் கூடாது. ஐஸில் வைத்து, மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே நிற்பதை மட்டும் பிப்பெட்டில் எடுக்க வேண்டும். டிஜிடோனின் கொஞ்சம் கூடினாலும் போச்சு, கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

தென்காசியிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் ஓடி வந்தான். “அக்கா, டிஎன்ஏ எக்கச்சக்கமா வந்திருக்கு!”

“சரி, விடிஏசி பாத்தியாப்பா?”

விடிஏசி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் புரதம்; புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் பிளாட் சோதனையில், நாம் எடுத்த சைட்டோபிளாசப் பகுதியில் அதன் பட்டை தெரியக் கூடாது. தெரிந்தால் மைட்டோகாண்ட்ரியா உடைந்துவிட்டது என்று பொருள். பார்த்தான், தெரிந்தது. முகம் வாடிவிட்டது. அந்த பிளாட் இல்லாத வரைபடத்தை யார் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன் என்றேன். டிஜிடோனினைக் குறைத்து மறுபடி செய்தான். பட்டை மறைந்தது, சாதாரண செல்களோடு ஒப்பிட்டபோது டிஎன்ஏ அளவில் தெரிந்த வித்தியாசம் சிறிதானாலும் நிலைத்தது.

ஊரில் மாமா, “சுகருக்கு மருந்து எப்பம்மா?” என்று கேட்பார். ஸ்டிங்கை அடக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனால் வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் எதிராக நிற்பதும் அதே ஸ்டிங்தான். அதை ஆயுள் முழுக்க அடக்கி வைக்கச் சொல்லுமுன் எங்கள் எண்கள் சரியாக இருக்க வேண்டாமா?

தம்பி இப்போது சிகாஸ் நீக்கிய செல்களை வளர்க்கிறான். அவற்றிலும் இன்டர்ஃபெரான் ஜீன்கள் அடங்கவில்லை என்றால் வேறு காரணம்தான் தேட வேண்டும்.