சுண்டெலிக் கூண்டு நெரிசலுக்கு மூன்று வாரம் முன்பே கணக்குப் போடுங்கள்

ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் தலையை எண்ணித்தான் கூண்டு நிரம்பியதா என்று பார்க்கிறார்கள். இனப்பெருக்கக் கூண்டுக்கு அது போதாது, தேதியைப் பார்க்க வேண்டும். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி இணைசேரும். ஆண் உள்ளேயே இருந்தால் அன்றே அடுத்த சினை பிடிக்கலாம். சினைக்காலம் 19 முதல் 21 நாள். முதல் ஈற்றுக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிற நாளும் 21தான். பாலூட்டும் தாய்க்கு ஈற்று சில நாள் தள்ளும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பிப் பிரிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய குட்டிகள் புதுக்குட்டிகளை மிதித்துவிடும், பாலையும் குடித்துவிடும். அதனால் கூண்டில் மாட்டும் அட்டையில் (கேஜ் கார்டு) பிறந்த தேதியோடு பிரிக்கும் தேதியையும் அன்றே எழுதிவிடுங்கள்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2011இல் வெளியிட்ட கையேட்டின்படி 25 கிராமுக்கு மேற்பட்ட சுண்டெலிக்குத் தலா 96.7 சதுர செ.மீ. தரை வேண்டும்; குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு 330. தரை 484 சதுர செ.மீ. உள்ள கூண்டில் வளர்ந்தவை ஐந்து இருக்கலாம். ஓர் ஆண், ஒரு தாய், அதன் குட்டிகள் என்றால் 427, இடம் போதும். இரண்டு பெண்களும் குட்டி போட்டால் 757. ஆகவே ஓர் ஆணோடு இரண்டு பெண்களை விட்டிருந்தால், வயிறு தெரிந்ததுமே ஒன்றைத் தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள்.

நெரிசலில் முதலில் கெடுவது படுக்கை. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அமோனியாவாக்கும். எலியின் மூக்கு அந்தப் படுக்கையை ஒட்டியே இருப்பதால், மூடியைத் திறந்து நமக்கு நெடி அடிக்கும்போது அது நெடுநேரம் அதைச் சுவாசித்திருக்கும்.

ஆண்களின் சண்டை வேறு விஷயம், எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் நிற்காது. ஒரே ஈற்று ஆண்களைப் பிரித்த நாள் முதல் ஒன்றாகவே வையுங்கள். பிறகு காலியிடம் இருக்கிறதே என்று வேறு கூண்டு ஆணைச் சேர்க்காதீர்கள். வாலடியிலும் பின்முதுகிலும் கடிகாயம் தெரிந்தால் அன்றே பிரியுங்கள். கூண்டு மாற்றும்போது எலி கட்டிய கூட்டின் உலர்ந்த பகுதியை மட்டும் புதுக்கூண்டுக்குக் கொண்டுபோங்கள், சிறுநீர் ஊறிய படுக்கை வேண்டாம்.

பிரிக்கும்போது ஆண், பெண் தவறினால் போட்ட கணக்கெல்லாம் போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்கி, இரண்டு குட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் உள்ள இடைவெளி ஆணுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. கறுப்பு சி57 ரக ஆண்குட்டிக்கு அந்த இடத்தில் கரும்புள்ளியும் தெரியும். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்; ஆறு வாரத்தில் அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.