தெக்கோங் தீவுக்கு முன்னால் 12 வாரம்

2024 ஜனவரி 7, ஞாயிறு

இன்றிலிருந்து மார்ச் 31 வரை சரியாக 12 வாரம். சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்காக ஏப்ரல் முதல் வாரம் அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போகப்போகும் தம்பிகளை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறோம். உங்கள் நாள் வேறாக இருந்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏன் 12 வாரம்? மூச்சு மூன்று நான்கு வாரத்திலேயே தேறிவிடும். தசைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். எலும்பும் தசைநாணும்தான் சோம்பேறிகள். அவை வலுப்பெற மாதக்கணக்காகும். ஐந்தாம் வாரத்தில் "மூச்சு வாங்கவே இல்லையே" என்று தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்குவது இதனால்தான்.

தீவில் தூக்கம், சாப்பாடு, வெயில், காலணி, சுமை எல்லாம் ஒரே நாளில் மாறும். அவற்றை வீட்டிலிருந்தபடியே ஒவ்வொன்றாக மாற்றிப் பழகிவிடுவதே இந்த 12 வாரத்தின் வேலை.

முதல் வேலை காகித வேலை. ஆஸ்துமா, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் இரத்தச் சிவப்பணு சிதையும் பிறவிக் குறை), ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு, எப்போதாவது வெயிலில் மயங்கி விழுந்தது என எதையாவது மருத்துவச் சோதனையில் சொல்லாமல் விட்டிருந்தால், மருத்துவர் கடிதத்தோடு இப்போதே தெரிவியுங்கள். "சொன்னால் நல்ல பிரிவு கிடைக்காது" என்று மறைக்கச் சொல்லும் நண்பர்கள், நீங்கள் விழும்போது தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

ஜனவரி 16, செவ்வாய்

ஓட்டம். ஐபிபிடி எனும் ராணுவ உடல் தகுதித் தேர்வில் மொத்தம் 100 புள்ளி. அதில் 50 புள்ளி 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, புஷ்-அப், சிட்-அப் ஒவ்வொன்றுக்கும் 25. சேர்வதற்கு முன்பே 61 புள்ளி எடுத்து, மூன்றில் எதிலும் பூஜ்யம் வாங்காமல் இருந்தால் சேவைக்காலம் 24 மாதத்திலிருந்து 22 ஆகக் குறையும். தேர்வைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சளிக் காய்ச்சல் வந்தால் வாய்ப்பே போய்விடும்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று நாள் போதும். 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி 8 முறை. ஓடும்போது முழு வாக்கியம் பேச வர வேண்டும். வராவிட்டால் வேகம் அதிகம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாள் மட்டும் திடல் பயிற்சி: 400 மீட்டர் வட்டம் 6, நடுவில் ஒன்றரை முதல் 2 நிமிட ஓய்வு. இன்னொரு நாள் 30 நிமிட மெதுவோட்டம். மூன்றாம் நாள் விருப்பம்போல்.

2.4 கிலோமீட்டர் என்றால் 6 வட்டம். 12 நிமிடத்தில் முடிக்க வட்டத்துக்கு 2 நிமிடம், 11 நிமிடத்துக்கு 1:50, 10:30க்கு 1:45. பையன்கள் தோற்பது பெரும்பாலும் முதல் வட்டத்தில். 2 நிமிடத்தில் ஓட வேண்டியதைக் கூட்டத்தோடு சேர்ந்து 1:35இல் ஓடிவிட்டு, நான்காம் வட்டத்தில் காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். முதல் வட்டம் "இது ரொம்ப மெதுவு" என்று தோன்றினால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஜனவரி 27, சனி

தைப்பூசம் முடிந்து இரண்டு நாள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடந்தவர்கள் இன்று உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் தோல் ஆறும்வரை ஓட்டம் வேண்டாம். அந்த நாட்களில் நீச்சலடிக்கலாம். விரதத்தில் இளைத்திருந்தால் ஒரு வாரம் பாதி அளவில் தொடங்குங்கள்.

காலைப் பற்றியே இன்று எழுதிவிடலாம். தீவில் பலரை ஓரமாக உட்கார வைப்பது இந்தக் கொப்புளம்தான். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் வரும். ஒன்றைக் குறைத்தாலும் பாதி தப்பிக்கலாம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய செயற்கை இழைக் காலுறை, மேலே தடித்தது என்று இரண்டாகப் போட்டால் உராய்வு காலுறைகளுக்குள்ளேயே நடக்கும், தோல் தப்பிக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும்.

நடக்கும்போது ஓரிடம் சுடுவதுபோல் எரிந்தால் அப்போதே நின்று, துடைத்து, சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். "முகாம் போய்ப் பார்க்கலாம்" என்றால் அங்கே போய்ப் பார்ப்பது கொப்புளத்தைத்தான். வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள், அதுவே மருந்துக்கட்டு. குளித்த பிறகு விரலிடுக்குகளைத் தனியாகத் துடைத்துப் பவுடர் போடுவது இன்றே பழக்கமாகட்டும். சேற்றுப்புண் ஒருவருக்கு வந்தால் குளியலறை வழியே மற்றவர்களுக்கும் பரவும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

புஷ்-அப், சிட்-அப் இரண்டுக்கும் ஒவ்வொரு நிமிடம். ஓய்ந்து விழும்வரை தினமும் எடுப்பது வீண். ஒரே மூச்சில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். 20 என்றால் அதில் பாதி 10. அந்தப் பத்தை முழுதாக, காலை முதல் மாலை வரை இடைவெளி விட்டு நாளுக்கு 5 முறை, வாரத்தில் 5 நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து, புதிய எண்ணிக்கையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைத் தின்பது முறைகேடான அசைவு. புஷ்-அப்பில் இடுப்பு தொங்கும், முழங்கை முழுதாக நீளாது, நெஞ்சு போதுமான அளவு இறங்காது. எண்ணும் கருவிக்கு உங்கள் களைப்பு தெரியாது. சிட்-அப்பில் கை காதை விட்டு நழுவும். தோள்பட்டை எலும்பு தரையைத் தொடாமலே எழும் பழக்கம் வீட்டுச் சோபாவுக்கடியில் காலை மாட்டிப் பயிலும்போதே ஒட்டிக்கொள்ளும். தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் உட்கார வைத்து, சரியில்லாததை எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றரை விநாடிக்கு ஒன்று வீதம் போனால் நிமிடத்தில் 40.

பிப்ரவரி 12, திங்கள்

சீனப் புத்தாண்டு விடுமுறை. நன்றாகச் சாப்பிடுங்கள். எடை குறைக்க வேண்டியவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினியில் கொழுப்போடு தசையும் போய்விடும். பாக்கெட் இனிப்புப் பானத்தையும் நள்ளிரவுப் பிரட்டாவையும் நிறுத்தினாலே பலருக்கு எடை இறங்கத் தொடங்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சுமை நடை இன்று தொடங்கலாம். பயிற்சிக்காலம் முடியும்போது 24 கிலோமீட்டர் அணிநடை இருக்கிறது. அதை இப்போதே நடந்து பார்க்க வேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை போதும். 5 கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி முதுகுப்பையில் வையுங்கள், 4 கிலோமீட்டர். பிறகு வாரம் 2 கிலோவும் 1 கிலோமீட்டரும் ஏற்றி, 12 கிலோவுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றரைக் கிலோ; கணக்கு எளிது, தாகத்துக்கும் ஆகும்.

பாரம் முதுகோடு ஒட்டி, உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் தொங்கினால் உடம்பு முன்னால் வளையும், இடுப்பு வலிக்கும். தோள்வார் சதையில் வெட்டினால் விரல்கள் மரத்துப்போகும். மரத்தால் உடனே வாரைத் தளர்த்துங்கள். பாரத்தோடு ஒருபோதும் ஓடாதீர்கள்.

163 மீட்டர் உயர புக்கிட் தீமா குன்று ஏறிப் பழக நல்ல இடம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் படிக்கட்டே போதும்: படியில் ஏறி மின்தூக்கியில் இறங்குங்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். எஸ்ஏஆர் 21 துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ. அதை இரு கையாலும் முன்னால் பிடித்து நடக்கும்போது கை வீச முடியாது, முதுகின் மேல்பகுதி சோர்ந்துவிடும். அதற்காகக் கதவுச் சட்டத்தில் மாட்டும் கம்பியில் வாரம் மூன்று நாள் வெறுமனே தொங்குங்கள், 20 விநாடி, 5 முறை. தடை ஓட்டத்தில் கயிறு ஏறவும் அந்தப் பிடி உதவும். ஆனால் கயிற்றில் ஏற்றுவது கால்கள். கயிற்றை ஒரு பாதத்தின்மேல் போட்டு மறு பாதத்தால் அழுத்திப் பூட்டத் தெரியாதவர்தான் பாதியில் வழுக்கி வருகிறார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இரவு 1 மணிக்குத் தூங்குகிறவர் 10 மணிக்கு மாற வேண்டும் என்றால் 3 மணி நேர வித்தியாசம். மூன்று நாளுக்கு 15 நிமிடம் வீதம் 12 படி, 36 நாள். இன்று தொடங்கினால் ஏப்ரல் 1. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம்தான் நம் கையில் இருக்கிறது: எழும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள், தூக்கம் பின்னாலேயே வரும். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். கைப்பேசியை வரவேற்பறையில் மின்னூட்டப் போடுங்கள்.

தீவில் இடையூறில்லாத 7 மணி நேர ஓய்வு விதிப்படி உண்டு. ஆனால் 1 மணிக்குத்தான் தூக்கம் வரும் உடம்போடு போனால், விளக்கணைந்த பிறகு 3 மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். தூங்காத உடம்புக்கு வெயிலும் தாங்காது.

மார்ச் 2, சனி

வெயில். இந்த 12 வாரத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

நம் ஊரில் காற்றிலேயே ஈரம். வியர்வை வழியும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பள்ளியில் ஏர்கான், ரயிலில் ஏர்கான், வீட்டில் ஏர்கான் என்று வளர்ந்த உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகியபின் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயத்துடிப்பு தணியும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் இதைக் கடைசி மாதத்துக்கு வைத்தோம். மாலை 4 மணிக்கு மேல், முதல் நாள் 20 நிமிட நடை. ஒவ்வொரு நாளும் 5 நிமிடம் கூட்டி ஒரு மணி நேரம் வரை. அறையில் ஏர்கானுக்குப் பதில் மின்விசிறி.

நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதைச் சிறிது சிறிதாகச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். ஒரே மூச்சில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். இது வெயில் பாதிப்பு போலவே தெரியும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து கூடும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று பயிற்சி கிடையாது. தீவிலும் அப்படியே. வெப்பநிலை அளக்கும்போது உடம்பு சரியில்லை என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நண்பன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் அதுதான் வெப்பத் தாக்கின் அடையாளம். "இன்னும் வியர்க்கிறதே" என்று ஏமாறாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தவர் வியர்வையோடேயே விழலாம். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே ஒருவர் 995 அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.

மார்ச் 13, புதன்

சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகிறது, தொடை வீங்கிக் கல்லாக இருக்கிறது என்றால் அது சாதாரண உடல்வலி இல்லை. பழகாத உடம்போடு ஒரே நாளில் இருநூறு முந்நூறு ஸ்குவாட் போடும்போது தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அன்றே மருத்துவமனை. காலெலும்பில் விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலி இருந்து, அது ஓய்விலும் தொடர்ந்தால் நுண்முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

மார்ச் 20, புதன்

மனம். ஓடத் தெரிந்தவரும் முதல் சில இரவுகளில் தவிப்பார். தனியறை இல்லை, யாரோ ஒருவர் செய்த தவறுக்கு எல்லாரும் நிற்க வேண்டும், எதற்கென்று தெரியாமல் காத்திருக்க வேண்டும், கத்தல் வேறு. தொடக்கத்தில் இரண்டு வாரம் வீட்டுக்கு வர முடியாது. கத்தல் உங்கள் பிறப்பையோ குடும்பத்தையோ பற்றியதில்லை. அதில் இருக்கும் கட்டளையை மட்டும் பிரித்து எடுக்கப் பழகுங்கள்: என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள்.

அடிப்படைப் பயிற்சியின் 9 வாரத்தை மொத்தமாக நினைக்காதீர்கள். காலைச் சாப்பாட்டிலிருந்து மதியச் சாப்பாடு வரை, அங்கிருந்து இரவுச் சாப்பாடு வரை. படபடப்பு வந்தால் 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள், பத்து முறை. இதை இன்றே படுக்கையில் பழகாவிட்டால் அங்கே நினைவுக்கு வராது.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்து நாள் அவன் துணியை அவனே துவைக்கட்டும், இஸ்திரி போடட்டும், பொத்தான் தைக்கட்டும், கழிவறை கழுவட்டும். இவை முன்பே கைவந்தவனுக்கு அங்கே ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த அரை மணியில்தான் வீட்டுக்குப் பேசுவான்.

உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போது வந்தாலும் பக்கத்துக் கட்டில்காரரிடமோ சார்ஜண்டிடமோ அன்றே சொல்லுங்கள். ஆயுதப் படையில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில். செடியா, நேராக நில். செனாங் டிரி, தளர்ந்து நில். கெ கானான் புசிங், வலப்பக்கம் திரும்பு. கெ கிரி இடம். கெ பெலாகாங் பின்பக்கம். செப்பாட் ஜாலான், விரைந்து நட. ஹெந்தி, நில். அறையில் நின்று பத்து நிமிடம் சொல்லிச் செய்தால் போதும்.

பையில்: அடையாள அட்டை, சேர்க்கைக் கடிதம், மருந்துச் சீட்டுடன் மருந்து, கண்ணாடி அணிபவர்களுக்கு இரண்டாவது கண்ணாடியும் அதைத் தலைக்குப் பின்னால் பிடித்து வைக்கும் வாரும், பூட்டு, நகவெட்டி, ஊசி நூல், பவுடர், பிளாஸ்திரிச் சுருள், ஸிப்லாக் பைகள் பெரிதும் சிறிதுமாக இருபது. காட்டு முகாமில் மழை பெய்யும்போது உலர்ந்த காலுறை இருக்குமிடம் அந்தப் பைதான். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் மற்ற எல்லாம் கிடைக்கும், ஆனால் காலணி, சீருடை, முதுகுப்பை தீவிலேயே தருவார்கள், பணத்தைக் கொட்டாதீர்கள். சைவ உணவு சாப்பிடுகிறவர்கள் உணவு விவரத்தைக் கேட்கும்போதே சைவம் என்று பதியுங்கள். தங்கச் சங்கிலி வீட்டில் இருக்கட்டும்.

மார்ச் 31, ஞாயிறு

இந்த வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். 20 நிமிட மெதுவோட்டம் இரண்டு முறை, மாலை நடை, அவ்வளவுதான். விடுபட்ட பயிற்சியை இப்போது ஈடுகட்டப் பார்த்தால் களைத்த காலோடு படகேற நேரும்.

முந்தின இரவு நண்பர்களோடு விடிய விடிய விருந்து வேண்டாம். காலையில் இட்லியோ ரொட்டியோ வயிறு நிறையச் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுச் சாங்கியில் இருக்கும் ஆயுதப் படைப் படகுத்துறைக்குப் போங்கள். நகம் வெட்டியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.