ஏழு செக்கன்

டிசம்பர் 10, 2018

ஒருத்தர் லொகின் பண்ண ஏழு செக்கன். விடிய எட்டரைக்கு கொம்பியூட்டர் லாப்பில பிள்ளையள் எல்லாம் ஒண்டா லொகின் பண்ணினா பதினொண்டுக்குப் போகுது. கணக்குப் பகுதி அக்கா வாசல்ல நிண்டு "தம்பி, இண்டைக்காவது திறக்குமோ" எண்டு கேக்கிறா, கடைச்சாவி என்னட்ட இருக்கிற மாதிரி. வைஃபை, மெயில், பிறிண்டர் எல்லாம் எல்லாரின்ர பேரும் பாஸ்வேர்டும் இருக்கிற அந்த ஒரு எல்டாப் சேர்வரிட்டத்தான் வந்து ஆர் எவர் எண்டு கேக்குது, அது யோசிச்சுக் கொண்டு நிண்டா எல்லாரும் நிக்க வேண்டியதுதான்.

அப்பா எடுத்தவர். இரணைமடுக் குளத்தைப் பற்றித்தான் கதை.

டிசம்பர் 11

சேர்வரின்ர டேட்டாபேஸ் செட்டிங் இருக்கிற டிபி கொன்ஃபிக் ஃபைலை இண்டைக்குத்தான் திறந்து பாத்தன். கேஷ் சைஸ், டிஸ்க்குக்கு ஓடாமல் மெமரியிலயே வச்சிருக்கிற இடம், 2097152 பைட். ரெண்டு எம்பி! இன்ஸ்டோல் பண்ணேக்க வந்தது அப்பிடியே கிடக்குது, ஒருத்தரும் தொடேல்லை. ஒன்பதாயிரம் பேரின்ர விபரத்தை ரெண்டு எம்பிக்குள்ள வச்சுத் தேடச் சொன்னா அது டிஸ்க்குக்கு ஓடாமல் என்ன செய்யும், போன்ல எடுக்கிற படமே இதவிடப் பெரிசு. கள்ளன் பிடிபட்டான் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்ட போறன்.

டிசம்பர் 12

256 எம்பி போட்டு ரீஸ்டார்ட் பண்ணினன். கொன்ஃபிக் மாறியிருக்கு, ரிகவரி செய்யுறன் எண்டு லொக்ல தானே சொல்லிச்சுது, நல்ல பிள்ளை. பிறகு கேஷ் எவ்வளவு எண்டு காட்டுற டிபி ஸ்டாட் கொமாண்டை அடிச்சுப் பாத்தா 320 எண்டு காட்டுது, எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, எங்கயோ பிழைச்சுப் போட்டன் எண்டு. ஒரு மணித்தியாலம் வாசிச்சாப் பிறகுதான் விளங்கினது, கீழ கிடக்கிற டேட்டாபேஸ், பேர்க்லி டிபி, அதுக்கு 500 எம்பிக்குக் குறைய என்ன குடுத்தாலும் அது தன்ர பாட்டில இன்னும் காப்பங்கு கூட்டி எடுக்குமாம். கேட்டதுக்கு மேல கொஞ்சம் வாங்கிறது, எங்கட ஊர் ஆக்கள் மாதிரி. தேடினதில 99 வீதம் டிஸ்க்குக்குப் போகாமல் கேஷிலயே கிடைச்சுது. சந்தோசமா முறுகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் எண்டு மனசில நேந்து வச்சன்.

டிசம்பர் 13

ஏழு செக்கன்.

டிசம்பர் 14

ஆறரை எண்டும் சொல்லலாம். ஒபிசில ஒருத்தரும் வேலை செய்யேல்லை, நேற்று வந்த சுப்ரீம் கோட் தீர்ப்பைப் பற்றித்தான் கதை, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைச்சது பிழையாம், ஒண்டரை மாசமா நாட்டில ஆர் பிரதமர் எண்டு தெரியேல்லை ஆனா சேர் என்னட்ட வந்து "என்னடாப்பா, இன்னும் சரிவரேல்லையோ" எண்டு கேக்கிறார். கேஷ் ஒண்டில்லை சேர், மூண்டு இருக்குது எண்டு சொல்ல வெளிக்கிட்டன். கீழ பேர்க்லி டிபியின்ர கேஷ், அதுக்கு மேல ஸ்லாப்டி, அதுதான் எல்டாப் சேர்வர் புறோகிராம், தானே வச்சிருக்கிற என்ட்ரி கேஷ் (ஒரு ஆளின்ர விபரம் ஒரு என்ட்ரி), பிறகு தேடினதுக்கு எந்தெந்த என்ட்ரி வந்தது எண்ட லிஸ்டை வச்சிருக்கிற ஐடிஎல் கேஷ். என்ட்ரி கேஷ் சும்மா விட்டா ஆயிரம் என்ட்ரிதான் பிடிக்கும், ஐடிஎல் கேஷ் சைபர். அவர் பாதியில போனை எடுத்திட்டார். என்ட்ரி கேஷைப் பத்தாயிரம் ஆக்கினன், எங்கட சேர்வர் டேட்டாவைச் சேமிக்கிற விதம் எச்டிபி, அது எண்டா ஐடிஎல் கேஷ் அதின்ர மூண்டு மடங்கு இருக்க வேணுமாம், முப்பதாயிரம் போட்டன். மெமரி கிடக்குது, தின்னட்டும்.

ராவு மழை. அப்பா ரெண்டு தரம் எடுத்திட்டார். குளம் கொள்ளுறது 36 அடி, இப்ப எத்தினையில நிக்குது எண்டு என்னட்டக் கேக்கிறார். நான் என்ன குளத்துக் கட்டிலயோ இருக்கிறன்.

டிசம்பர் 16

ஞாயிறு. முரசுமோட்டைக்குப் போனன். வயல் குடலைக்கு வந்திட்டுது, கதிர் வெளிய வர முந்தின பருவம், பச்சையெண்டா அப்பிடி ஒரு பச்சை. ரணில் திரும்பப் பிரதமராச் சத்தியப்பிரமாணம் எடுக்கிறதை டிவியில காட்டிக்கொண்டிருக்க அப்பா வெளியில நிண்டு வானத்தைப் பாத்துக் கொண்டிருந்தவர். அம்மா பிட்டும் மீன் குழம்பும் கட்டித் தந்தவ.

டிசம்பர் 17

எனக்கு நானே செருப்பால அடிக்க வேணும்.

லொக்ல ஒரு வரி, ஒரு நாளில ஆயிரக்கணக்கில: மெம்பர் யுஐடி நொட் இன்டெக்ஸ்ட். இவ்வளவு நாளும் அது என்ர கண்ணுக்கு முன்னால ஓடிக்கொண்டு கிடந்தது, நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய் கேஷைத் துழாவிக் கொண்டிருந்திருக்கிறன். ஒருத்தன் லொகின் பண்ணேக்க இவன் எந்தெந்தக் குறூப்பில இருக்கிறான் எண்டு கேள்வி போகும், அந்தக் கேள்வி மெம்பர் யுஐடியை, குறூப்பில இருக்கிற ஆளின்ர லொகின் பேரை, வச்சுத்தான் போகும், அதுக்கு இன்டெக்ஸ், புத்தகத்தின்ர கடைசியில இருக்கிற சொல் அட்டவணை மாதிரி ஒண்டு, இல்லை எண்டா ஒன்பதாயிரம் என்ட்ரியையும் ஒண்டொண்டா எடுத்துப் பிரிச்சுப் பாக்க வேணும். முப்பது பிள்ளையள் எண்டா முப்பது தரம். கேஷைப் பெருப்பிச்சதால அந்தத் தேவையில்லாத வேலையைக் கொஞ்சம் கெதியாச் செய்திருக்குது, அவ்வளவுதான். அந்த 99 வீதமும் இதுதான் போல, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினா கேஷில கிடைக்காமல் எங்க போகும்.

டிசம்பர் 18

எனக்கு முன்னம் இந்தச் சேர்வரைப் பாத்த ஆள் செட்டிங் எல்லாத்தையும் ஸ்லாப்டி டொட் கொன்ஃப் ஃபைலிலதான் எழுதி வச்சிட்டுப் போனவர். அதில இன்டெக்ஸ் வரியைச் சேத்து ரீஸ்டார்ட் பண்ணினன். பறந்திச்சுது! பத்து நிமிசத்தில அக்கா வாறா, தம்பி கணக்கு ஃபோல்டரைக் காணேல்லை எண்டு. ஒருத்தருக்கும் குறூப் இல்லை. இன்டெக்ஸ் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு ஒண்டும் எழுதேல்லை, அது வெறும் இன்டெக்ஸைப் பாத்திட்டு ஆக்களே இல்லை எண்டு சொல்லியிருக்குது. அந்தப் பதட்டத்தில ஸ்லாப்டியை நிப்பாட்டி, இன்டெக்ஸை எழுதுற ஸ்லாப்இன்டெக்ஸை ஓட்டினன், ரூட்டா, அதாவது அட்மின் கணக்கில. புது ஃபைல் ரூட்டின்ர பேரில வந்திட்டுது, ஸ்லாப்டி எழும்பமாட்டன் எண்டு நிக்குது. ஃபைலின்ர சொந்தக்காரரை மாத்துற சௌன் கொமாண்ட் ஒண்டு அடிச்சாச் சரி. அந்த ஒண்டு ஞாபகத்துக்கு வர இருபது நிமிசம், கை நடுங்கினது.

டிசம்பர் 19

ஒரு செக்கன் இல்லை. எண்ண ஏலாது.

அக்கா ஒண்டும் சொல்லேல்லை. வந்து இருந்து வேலையைத் தொடங்கிட்டா. அவவின்ர மேசைக்குப் பக்கத்தில ரெண்டு தரம் சும்மா நடந்து பாத்தன்.

டிசம்பர் 20

இப்ப சேர் எல்லாத்துக்கும் இன்டெக்ஸ் போடச் சொல்லுறார், பேரின்ர நடு எழுத்தை வச்சுத் தேடினாலும் வர வேணுமாம். ஒவ்வொரு இன்டெக்ஸும் ஒரு என்ட்ரி மாத்தேக்க எழுத வேண்டிய இன்னொரு ஃபைல் எண்டு சொன்னா விளங்காது. ஓம் சேர் எண்டன், செய்யமாட்டன். லீவுக்குள்ள எச்டிபியை விட்டிட்டு எம்டிபி எண்ட மற்ற விதத்துக்கு மாறுற யோசனை, அதில இந்தக் கேஷ் பிச்சுப்பிடுங்கல் ஒண்டும் இல்லை, ஓஎஸ்ஸே பாத்துக்கொள்ளும், டேட்டாபேஸ் எவ்வளவு வரைக்கும் வளரலாம் எண்ட மேக்ஸ் சைஸை மட்டும் பெரிசாப் போட்டா சரி.

தேங்காய் இன்னும் உடைக்கேல்லை.

டிசம்பர் 21

மழையெண்டா மழை. மத்தியானத்தில இருந்து ரெண்டு தரம் கரண்ட் போய் வந்திட்டுது. மெமரியில கிடக்கிற மாற்றத்தை டிஸ்க்கில எழுதுற செக்பொயின்ட் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு கிடந்ததை அஞ்சு நிமிசம் ஆக்கினன், கரண்ட் போனா சேர்வரைத் தாங்குற யுபிஎஸ் பற்றறி பன்ரெண்டு நிமிசத்துக்கு மேல பிடிக்காது. ஏ9 ரோட்டில தண்ணி எண்டு வான்காரர் சொல்லுறார். வீட்ட போகேல்லை, இஞ்சயே மேசையில படுக்கிறன்.

அப்பாவை ஏழு மணிக்கு எடுத்தன், வாசல்ல தண்ணி இல்லை, நீ வேலையைப் பார் எண்டவர். பத்துக்கு எடுத்தன், முழங்காலுக்கு எண்டவர். குளத்து வான்கதவு திறந்திட்டாங்கள் போல எண்டவர். அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சாம், மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன் எண்டவர்.

டிசம்பர் 22, விடிய 3.40

யுபிஎஸ் கீக் கீக் எண்டு கத்துது. ஸ்லாப்கட்டால எல்லா விபரத்தையும் கொப்பி எடுத்து பென்டிரைவில போட்டு, சொப்பிங் பையால ரெண்டு சுத்துச் சுத்தி சேட் பொக்கற்றில வச்சிட்டன். சேர்வரை நானே ஒழுங்கா நிப்பாட்டப் போறன். அப்பாவின்ர போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை. இன்னொருக்கா