பாட்டிலில் உறைந்த பாடம்
காங்கேயத்தில் மார்கழிக் காலை. மூன்றாம் வகுப்பு மகள், "திண்மத்துக்கு வடிவம் உண்டு, நீர்மம் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். சொட்டுகூட விழவில்லை.

"இது திண்மமாங்கம்மா, நீர்மமா?"

"இப்போ திண்மம், மத்தியானம் நீர்மம் கண்ணு." சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், அவ்வளவுதான்.

அவள் விடவில்லை. பாதி எண்ணெயை வெயிலில் உருக்கி, அதில் ஒரு கட்டியைப் போட்டாள். மூழ்கியது! ஐஸ் தண்ணீரில் மிதக்குமே? பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கி அடர்த்தி கூடும். தண்ணீர் (அதற்கென்ன வீம்போ) விரியும்.

அப்புறம் அதே கட்டியைத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. அதற்குள் அம்மிச்சி (என் அம்மா) வந்துவிட்டார்: "ஏனம்மிணி, தலைக்கு வெக்கற எண்ணெயை எதுக்குத் தண்ணில போட்ட?"